எட்டேகால் ராத்தல் ஆவி

எர்னஸ்ட் அண்ணன் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் அவசரமாகக் கிறுக்கிய தாள்களை மாதம் இரண்டு முறை எனக்குத் தபாலில் அனுப்புவார். நான் அவற்றை நல்ல எழுத்தில் நோட்டில் படியெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணனுடைய கையெழுத்து அப்படி. பரீட்சை நேரத்தில் அவருக்கே அது புரியாது. என் எழுத்து அச்சுப் போல இருக்கிறது என்று பள்ளியில் சொல்வார்கள். அந்தப் பள்ளிக்குப் போகும் பஸ்ஸைக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் கோலா குபு பாரு சாலையில் நிறுத்தி, எங்களை இறக்கிவிட்டுக் கொளுத்தினார்கள். அதன் பிறகு அப்பா என்னை அனுப்பவில்லை. அப்போது எனக்குப் பதினான்கு வயது.

படியெடுக்கப் புரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் புரியாமல் எழுதிய வரி, காலில் தைத்த முள்ளைப் போல உறுத்தும். முதல் வருடத் தாள்களிலிருந்தே தொடங்கியதால் ஒவ்வொரு வரியாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் வருடம் வகைக்கெழுச் சமன்பாடுகள் வந்தன. ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அவை சொல்வதில்லை. எந்த வேகத்தில் கூடுகிறது, எந்த வேகத்தில் குறைகிறது என்று மட்டும் சொல்கின்றன. வேகத்திலிருந்து அளவை மீட்டெடுப்பதுதான் பாடம். அப்படி மீட்டாலும் ஒரு எழுத்து தெரியாமல் நிற்கும். எங்கே தொடங்கியது என்று யாராவது சொன்னால்தான் அதுவும் தெரியும்.

dy-யை ஒரு பக்கமும் dx-ஐ மறுபக்கமும் ஏன் பிரித்து வைக்கலாம் என்பதில் நான்கு நாள் சிக்கிக்கொண்டேன். ஐந்தாம் நாள் துணி அலசும்போது புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தாள்களின் முடிவில் இருந்த பயிற்சிக் கணக்குகளை எனக்கென்று வைத்திருந்த நோட்டுகளில் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் தையல் மிஷின் அறையில், வெட்டுத் துணிகளுக்கு அடியில் அந்த நோட்டுகள் இருந்தன. ஒன்பது நோட்டுகள். அண்ணனின் தாள்களில் மூன்று இடத்தில் கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. படியெடுக்கும்போது நானே போட்டுவிட்டேன்.

ஐம்பத்தாறாம் வருடம் அண்ணன் நீண்ட விடுமுறைக்கு வந்தபோது, எங்கள் ரப்பர் தோட்டத்தில் யார் வீட்டிலும் அரிசி இல்லை. அவசரகாலச் சட்டப்படி அரிசி முழுவதும் தோட்டத்தின் முதல் டிவிஷனில் ஒரு பொதுக் குசினியில் பூட்டப்பட்டிருந்தது. அங்கேயே சமைத்துச் சோறாகத்தான் கொடுப்பார்கள். அரிசியைக் காட்டுக்குக் கடத்தலாம், மாதக்கணக்கில் வைக்கலாம். சோறு மறுநாள் புளித்துவிடும். அதுதான் காரணம்.

நாங்கள் இரண்டாம் டிவிஷனில், முள்வேலிக்குள் இருந்தோம். நூற்றிருபது பேருக்கு இருநூற்று நாற்பது ராத்தல் சோறு, ஆறு அகலத் தட்டுகளில், மதியத்துக்கு முன் லோரியில் வரும். குசினியில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டியவுடன் நிறுப்பார்கள். எங்கள் கேட்டில் இறங்கியதும் ரப்பர் பால் நிறுக்கும் தராசில் மறுபடி நிறுப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனதே இல்லை. தினமும் குறைந்தது.

சோற்றோடு லோரியில் வருவது வள்ளியம்மா. எங்கள் லயத்தில் அடுத்த வீடு. பொதுக் குசினியின் தலைமைச் சமையல்காரி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுடைய தம்பி செல்லன் நாற்பத்தொன்பதில் காணாமல் போனவன். காட்டில் இருக்கிறான் என்று ஊர் சொன்னது. சயாமுக்குப் போய்விட்டான் என்று அவள் சொன்னாள். குறையும் சோறு செல்லனுக்குத்தான் போகிறது என்று எங்கள் டிவிஷன் கணக்கெழுதும் தங்கராஜு கிராணி முடிவு கட்டிவிட்டார். அது உறுதியானால் விசாரணை கிடையாது. ஒரு கையெழுத்துப் போதும். இரண்டு வருடம் உள்ளே வைப்பார்கள், இல்லாவிட்டால் அவள் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

அண்ணன் வந்த மூன்றாம் நாள் கிராணி, சோற்று எடையும் லோரி நேரமும் எழுதும் கேட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மிஸ்டர் எர்னஸ்ட், நான் சொன்னா பொறாமைம்பானுங்க. நீங்க யுனிவர்சிட்டி ஆளு. கணக்குப் போட்டு ஒரு ரிப்போட் எழுதிக் குடுங்க. வியாழக்கெழம போலீஸ் சார்ஜன் வர்றாரு, கையில குடுத்துர்றேன்."

"சூடான சோறு ஆறுறப்ப ஆவி போகும், கிராணி. ஆவிக்கும் எடை இருக்கு" என்றார் அண்ணன்.

"ஆவிக்கு எடையா? அப்ப ஒங்க கோயில்ல பரிசுத்த ஆவி எத்தன ராத்தல்னு ஃபாதர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா அப்பாவை முறைத்தாள்.

ஆனாலும் அண்ணன் சும்மா எழுதிக் கொடுக்கிறவர் இல்லை. மறுநாள் குசினிக்கே போனார். லோரியில் மூடுவது போலவே ஒரு தட்டை வெள்ளைத் துணியால் மூடி ஒரு மணி நேரம் சாமான் அறையில் வைத்து, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். நாற்பது ராத்தலில் அரை ராத்தலும் கொஞ்சமும் குறைந்தது. ஆறு தட்டுக்கு மூன்றரை. ஆனால் லோரி ஒரு மணி நேரம் எடுத்த நாட்களில் கேட்டில் ஒன்பது ராத்தல் குறைந்திருந்தது. இடையில் ஐந்தரை ராத்தலுக்குக் கணக்கு இல்லை.

அன்று மாலை அவர் மேசையில் உட்கார்ந்து இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதினார். முகம் நன்றாக இல்லை.

"வேற வழியே இல்லியாப்பா?" என்ற அம்மா என்னைக் காட்டினாள். "அவ நம்ம டோரிக்கு அம்மை போட்டப்ப மூணு வாரம் ராப்பகலா கெடந்தவ."

"கணக்கு யாரு மூஞ்சியும் பாக்காதும்மா. நான் என்னா பண்றது?"

நான் குழாயடிக்குத் தண்ணீருக்குப் போனேன். வள்ளியக்கா முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒங்கண்ணன் எழுதிட்டானாடி?" என்றாள். நான் குடத்தைக் குழாயடியில் வைத்தேன். "நான் துணிமணியெல்லாம் மடிச்சு வச்சிட்டேன். உள்ள போனா அவனுங்களே ஆக்கிப் போடுவானுங்கலா. நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்பூத வேணாம்." சிரித்தாள். வாளியைத் தூக்கியபோது பாதித் தண்ணீர் காலில் கொட்டியது.

திங்கட்கிழமை பிற்பகல் அண்ணன் பந்து விளையாடப் போயிருந்தார். கேட்டுப் புத்தகம் மேசையில் இருந்தது. திறந்தேன்.

சோற்று லோரி மூன்று வழிகளில் வரும். எந்த நாள் எந்த வழி என்று புறப்படும்போதுதான் சொல்வார்கள், பதுங்கியிருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்று. குறுக்கு வழி என்றால் அரை மணி. மேட்டுச் சாலை என்றால் ஒரு மணி. பாலத்தைச் சுற்றினால் ஒன்றரை மணி. வழியில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். அண்ணன் ஒரு மணி நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு தன் சோதனையோடு ஒப்பிட்டிருந்தார். நான் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினேன்.

அரை மணி நாட்களில் ஆறு ராத்தல் குறைந்திருந்தது. ஒரு மணி நாட்களில் ஒன்பது. ஒன்றரை மணி நாட்களில் பத்தரை. கால் ராத்தல் முன்பின் இருக்கலாம்.

முதல் அரை மணியில் ஆறு. அடுத்த அரை மணியில் மூன்று. அதற்கடுத்ததில் ஒன்றரை.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். இது நான் படியெடுத்த நான்காம் அத்தியாயம். எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதற்குத் தக்க வேகத்தில் குறையும் பொருள், சம நேரத்தில் சம பங்காகக் குறையும். இங்கே அந்தப் பொருள், சோற்றிலிருந்து போக மிச்சமிருக்கும் ஆவி. திருடுகிற கை பாதி பாதியாகக் குறைத்து எடுக்காது. ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகமாக அள்ளும், இல்லாவிட்டால் தினமும் ஒரே அளவு அள்ளும். மூன்று வழிகளிலும் ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டு எந்தத் திருடன் நடப்பான்?

அப்படியானால் அண்ணனின் சோதனை ஏன் பொய்த்தது என்று பார்த்தேன். சமன்பாட்டில் k என்று ஒரு எண் உண்டு. எவ்வளவு வேகமாக ஆறும் என்பதைச் சொல்வது அதுதான். புத்தகம் அதைக் கொடுப்பதில்லை. அந்தந்த இடத்தில் அளந்து பார்த்தே எடுக்க வேண்டும். அண்ணன் காற்றே இல்லாத சாமான் அறையில் அளந்த k-யை ஓடும் லோரிக்குப் போட்டுவிட்டார். லோரியில் துணி படபடக்கும், காற்று ஆவியை அள்ளிக்கொண்டே போகும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அறையில் நான்கு நிமிடத்தில் போகும் ஆவி லோரியில் ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது என்று வந்தது.

என் நோட்டில் முழுவதையும் எழுதினேன். இத்தனை நிமிடம் லோரி ஓடினால் இத்தனை ராத்தல் குறையும் என்று பத்து நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஒரு அட்டவணையும் போட்டேன். அதை அண்ணனின் ரிப்போர்ட் மேல் திறந்து வைத்துவிட்டு, பின்பக்கம் போய்க் கீரை ஆய்ந்தேன். ஒரு கட்டுக் கீரையை அவ்வளவு நேரம் யாரும் ஆய்ந்திருக்க மாட்டார்கள்.

அண்ணன் வந்தார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தாள் புரளும் சத்தம்.

"டோரி."

போனேன்.

"இது யாரு போட்டது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இந்த எழுத்து எனக்குத் தெரியாதா? யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்க அனுப்புனதுதாண்ணே."

"நான் அனுப்புனது படியெடுக்கத்தான்லா." நோட்டைப் புரட்டினார். "இரு. நாலாம் அத்தியாயத்துல ஒரு மைனஸ். நான் விட்டுட்டேன்னு எனக்கு நெனப்பு. படியில இருந்துச்சி. நாமதான் போட்டிருக்கோம்னு நெனச்சி, பரீட்சையிலயும் போட்டு மார்க்கும் வாங்கிட்டேன். அது நீ போட்டதா?"

தலையாட்டினேன்.

"வேற எங்கயாச்சும் போட்டியா?"

"ரெண்டு."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மற்ற நோட்டுகளையும் கேட்டார். தையல் மிஷின் அறையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். ஒன்பதையும் மாலைவரை உட்கார்ந்து படித்தார். நடுவில் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினார். அம்மாவுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் நோட்டைத் தொட்டாள்.

தான் எழுதிய ரிப்போர்ட்டை அண்ணன் அடுப்பில் போட்டார்.

"வியாழக்கெழம நீதான் சொல்லணும்" என்றார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. எனக்குப் பேச வராது."

"நான் சொன்னா அது என்னோடதா ஆயிடும்."

புதன்கிழமை அண்ணன் அந்த அட்டவணையைச் சார்ஜனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, என் தங்கை போட்டது என்று சொல்லியே ஆங்கிலத்தில் விளக்கினார். சார்ஜன் மலாய்க்காரர், நிதானமான மனிதர். நாளை நானே சோற்று லோரியில் ஏறி வருகிறேன், கேட்டில் தராசு சொல்வதும் இந்தத் தாள் சொல்வதும் ஒத்துப்போனால் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன், ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பெண்ணை அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை கேட்டில் நாங்கள் நின்றோம். அண்ணன், நான், தங்கராஜு கிராணி. வேலைக்குப் போகாத பெண்கள் பத்துப் பேர் வேலியோரம். மேட்டுச் சாலை என்றால் லோரி பதினொன்றேகாலுக்கு வந்திருக்க வேண்டும். பதினொன்றே இருபத்தைந்துக்கு வந்தது. குசினியில் நிறுத்துப் புறப்பட்ட நேரம் பத்தேகால். மொத்தம் எழுபது நிமிடம்.

சார்ஜன் முன்னால் இறங்கினார். வள்ளியக்கா பின்னாலிருந்து இறங்கினாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், பயணம் போகிறவள் மாதிரி. தட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். கிராணி கூட்டினார்.

"எட்டேகால் கொறையுது."

சார்ஜன் தாளைப் பிரித்தார். எழுபது நிமிடத்துக்கு நேராக நான் எழுதியிருந்தது ஒன்பதரைக்குச் சற்று மேல்.

கணக்குப்படி குறைய வேண்டியதைவிடக் குறைவாகவே குறைந்திருந்தது. அது நல்லதுதானே என்று ஒரு கணம் நினைத்தேன். கிராணி அதற்கு மேல் என்னை நினைக்க விடவில்லை.

"பாத்தீங்களா, துவான்? நீங்க வண்டியில இருந்ததால இன்னிக்கி ஒண்ணேகால் ராத்தல் தப்பிச்சிருக்கு. மத்த நாள்ல அந்த ஒண்ணேகால் எங்க போச்சி? காட்டுல ஒரு ஆளு ஒரு நேரத்துக்கு அது போதும்லா."

அண்ணன் என் தாளையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். சார்ஜன் வள்ளியக்கா பக்கம் திரும்பினார். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தப்பு எங்கே? சமன்பாட்டில் இல்லை, புத்தகத்தில் இருந்த பதினேழு நாளும் ஒத்துப்போயிருக்கிறது. அட்டவணையிலும் இல்லை, மூன்று முறை சரிபார்த்தேன். அப்படியானால் இன்றைக்கு ஏதோ வேறாக நடந்திருக்கிறது. குறைவாக ஆறியிருக்கிறது என்றால் காற்று குறைந்திருக்கிறது. எழுபது நிமிடம் என்பது எந்த வழியின் நேரமும் இல்லை.

"துவான்" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சார்ஜன் திரும்பினார். வேலியோரம் நின்றவர்களும் திரும்பினார்கள். மலாயில் கேட்டேன்.

"வழியில் வண்டி எங்காவது நின்றதா?"

அவர் புருவம் உயர்ந்தது. "மேட்டுச் சாலையில். ராணுவ வண்டிகள் வந்தன. ஒதுங்கி நிற்கச் சொன்னேன். பிறகு குறுக்கு வழிக்குத் திருப்பிக்கொண்டு வந்தோம்."

"எவ்வளவு நேரம்?"

"இருபத்தைந்து நிமிடம். பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்."

தாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்பதைவிடப் பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். பின்பக்கம் எழுதினேன். நின்ற வண்டியில் காற்றில்லை, அது குசினி அறை மாதிரி. அங்கே நான்கு நிமிடம் இங்கே ஒரு நிமிடம். இருபத்தைந்து, ஆறேகால் ஆகிறது. ஓடிய நேரம் நாற்பத்தைந்து. கூட்டினால் ஐம்பத்தொன்றேகால். அதற்குரிய குறைவை லாகரிதம் அட்டவணை பார்த்துப் போட வேண்டும், அண்ணன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை. பக்கத்தைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எட்டு. அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு" என்றேன்.

சார்ஜன் தராசைப் பார்த்தார். எட்டேகால்.

"தராசப் பாத்துட்டு இப்ப மாத்துனா?" என்றார் கிராணி. "நானும்தான் மாத்துவேன்."

அவர் சொன்னது நியாயம் என்று எனக்கே தோன்றியது. அதனால்தான் வாய் திறந்தது.

"அப்ப நாளைக்கும் பாருங்க, கிராணி ஐயா. துவான் எங்க வேணும்னாலும் வண்டிய நிறுத்தட்டும். எத்தன நிமிஷம் ஓடுச்சி, எத்தன நிமிஷம் நின்னுச்சின்னு மட்டும் சொல்லட்டும். தட்ட எறக்குறதுக்கு முந்தி நான் எழுதிக் குடுத்துர்றேன். நீங்க அப்புறம் நிறுங்க."

இதுதான் என் வாழ்நாளில் நான் அதுவரை அந்நியர் முன்னால் பேசிய பேச்சுகளிலேயே நீளமானது. அண்ணன் அதைச் சார்ஜனுக்கு மொழிபெயர்த்தார். "என் தங்கை சொல்கிறாள்" என்று தொடங்கி, ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சார்ஜன் வந்தார். அந்த விளையாட்டில் அவருக்கே ஒரு சுவாரசியம் பிடித்துவிட்டது. மரத்தடியில் பத்து நிமிடம் நிறுத்தினார். ரப்பர் வரிசைக்குள் நாற்பது நிமிடம் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மூன்று இடத்தில் நிறுத்திவிட்டு, நான் திணறுகிறேனா என்று பார்த்தார். ஒவ்வொரு நாளும் நான் எழுதிய எண்ணை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிராணி நிறுத்துச் சொன்ன பிறகு பிரித்தார். மூன்று நாளும் கால் ராத்தலுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தவர், தாளைக் கிராணியிடம் காட்டினார். கிராணி இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"யுனிவர்சிட்டி படிப்பு" என்றார் அண்ணனிடம்.

"எனக்கு இல்ல, கிராணி" என்றார் அண்ணன். "நான் அதுல தோத்தேன்லா."

சார்ஜன் கேட்டுப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வள்ளியம்மா மீது சந்தேகத்துக்கு இடமில்லை, குறைவு ஆவியால் ஏற்படுவது. அதற்குக் கீழே கோடு கிழித்து இரண்டு கட்டம் போட்டார். ஓடிய நிமிடம், நின்ற நிமிடம். மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு என்னைக் காட்டி, தராசுக்கு முன்னால் இந்தப் பெண் இதை நிரப்ப வேண்டும் என்றார்.

வள்ளியக்கா எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று பயந்தேன். என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"ரெண்டு வருஷமா பக்கத்து வூட்ல பொழுதன்னைக்கும் எழுதிக்கிட்டே கெடந்தியே, இந்த எழவத்தானா? நான் எவனுக்கோ லெட்டர் போடுறேன்னுல்ல நெனச்சி, ஒங்கம்மாகிட்ட சொல்லாம காப்பாத்திக்கிட்டு வந்தேன்." பிறகு குரல் இறங்கியது. "ஆவி போனதுக்குக்கூடவாடி கணக்கு இருக்கு?"

"இருக்குக்கா."

"அப்ப சரி" என்றாள். மடித்து வைத்த துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போடப் போனாள்.

மறுநாள் லோரி வந்தது. வள்ளியக்கா ஆறு தட்டுக்கும் நடுவே, பழைய சேலையில், வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் இரண்டு எண்களைச் சொன்னார், நான் மூன்றாவது கட்டத்தை நிரப்பினேன். கிராணி தராசை நோக்கித் தட்டைத் தூக்கச் சொன்னார்.

"இரு இரு" என்றாள் வள்ளியக்கா, கீழே இறங்காமலேயே. "மொதல்ல அவ சொல்லட்டும். டோரி, எத்தனடி?"

வேலியோரம் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னேன்.